பத்துப் பேரில் எத்தனை பேர்?

பரிசோதனைக்கூடத்தில் எல்லோரும் அவளை ரிசல்ட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கருவுற்ற பெண்களின் ரத்தம் தினமும் காலையில் பனிக்கட்டிப் பெட்டிகளில் அங்கே வந்து இறங்கும். முன்னறையில் இரண்டு பெண்கள் பெட்டியைப் பிரித்துக் குழாய்களுக்கு எண் ஒட்டுவார்கள். நடு அறையில், துணி துவைக்கும் இயந்திரம் அளவுக்கு ஒரு கருவி, முனகி முனகி அந்த ரத்தத்தைப் படிக்கும். அது படித்து முடித்ததெல்லாம் கடைசி அறைக்கு வரும். அங்கே ஒரு மேஜை, இரண்டு தொலைபேசி, அடிக்கடி காகிதத்தை மென்று துப்பும் ஒரு பிரிண்டர், அவற்றுக்கு நடுவே ரிசல்ட்டக்கா.

வயிற்றிலிருக்கும் குழந்தைக்குக் குரோமோசோம் மாற்றம் ஏதாவது இருக்க வாய்ப்பு உண்டா என்று சொல்லும் பரிசோதனை அது. பெரும்பாலான தாள்களில் 'வாய்ப்பு குறைவு' என்றுதான் வரும். அவற்றை உறையில் போட்டு அனுப்பிவிட்டால் போதும். எப்போதாவது ஒரு தாளில் 'வாய்ப்பு அதிகம்' என்று வரும். அதை உறையில் போட்டு அனுப்பிவிட்டுச் சும்மா இருக்க முடியாது. அந்த மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லி, டாக்டர் கேட்டுக்கொண்டாரா என்று உறுதி செய்து, நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதுதான் அவளுடைய வேலையின் கனமான பகுதி.

முன்பு ஒரு பெரிய நிறுவனத்தில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் வேலையில் இருந்தவள். நிதானமான குரல். இந்த வேலைக்குத் தேர்வு செய்தவர், அவள் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள்ளேயே தலையாட்டிவிட்டாராம். ஆனால் அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு விடாக்கண்டி இருந்தாள் என்பது அவருக்குத் தெரியாது. ஒரு விஷயம் புரியவில்லை என்றால், பல்லிடுக்கில் மாட்டிய நாரைப்போல அது அவளை உறுத்திக்கொண்டே இருக்கும். எடுத்துப் போடும்வரை வேறெதுவும் ருசிக்காது.

ஆறு வருடம் அவளுக்கு எந்த நாரும் மாட்டவில்லை. ஏழாவது வருடம் ஒரு நாள், உணவு இடைவேளை முடிந்து அவள் வந்து உட்கார்ந்ததும் தொலைபேசி ஒலித்தது. வழக்கமாக மருத்துவமனைகள்தான் கூப்பிடும். அன்று பேசியது ஒரு தாய். இருபத்தைந்து வயது, ரொட்டிக்கடையில் வேலை. தாளின் அடியில் அச்சிட்டிருந்த எண்ணைப் பார்த்துக் கூப்பிட்டிருந்தாள். பதினான்கு மாதத்துக்கு முன்பு அவளுடைய தாளில், பதின்மூன்றாம் குரோமோசோமில் கோளாறு இருக்க 'வாய்ப்பு அதிகம்' என்று வந்திருந்தது. அந்தக் கோளாறோடு பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவை ஒரு வருடம்கூடத் தாண்டுவதில்லை. கருவுக்குப் பதினாறு வாரம் ஆகும்வரை காத்திருந்து, வயிற்றில் ஊசி போட்டுப் பனிக்குட நீரை எடுத்துச் சோதித்தார்கள். அதற்கும் பிறகு முடிவு வர இரண்டு வாரம். ஆக மொத்தம் ஆறு வாரம் அந்தப் பெண் பாதி உயிராகத்தான் நடமாடியிருக்கிறாள். கடைசியில் ஒன்றுமில்லை என்று வந்தது. பிள்ளை பிறந்து இப்போது தவழ எத்தனிக்கிறது.

சண்டைக்குத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து ரிசல்ட்டக்கா மன்னிப்புக் கேட்கத் தயாரானாள். அந்தப் பெண்ணின் குரலில் கோபமே இல்லை.

"எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்க்கா. உங்க பேப்பர்ல தொண்ணூத்தொம்பது சதவீதம் துல்லியம்னு போட்டிருக்கு. அப்போ நான் அந்த நூத்துல ஒருத்தியா? எனக்கு முன்னாடி தொண்ணூத்தொம்பது பேருக்கு நிஜமாவே இருந்துச்சா?"

ரிசல்ட்டக்கா விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்று எண்ணை வாங்கி வைத்துக்கொண்டாள். ஆறு வருடமாகத் தான் யார் யாருக்கோ தொலைபேசியில் சொல்லிவந்த செய்தியில் எத்தனை உண்மை, எத்தனை பொய் என்று ஒருமுறைகூடக் கேட்டுக்கொண்டதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

நேராகத் தலைமை விஞ்ஞானியிடம் போனாள். தடித்த கண்ணாடிக்காகக் கூடத்தில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். நல்ல மனிதர்; விளக்கம் சொல்லத்தான் வராது. கேள்வியைக் கேட்டதும் உற்சாகமாகி, வெள்ளைப் பலகையில் கூட்டல் வகுத்தலெல்லாம் போட்டார். தொண்ணூற்றொன்பது என்பது வேறு கணக்கு, அவள் கேட்பது வேறு கணக்கு என்றார். கோளாறு இருக்கும் நூறு குழந்தைகளில் தொண்ணூற்றொன்பதைக் கருவி கண்டுபிடித்துவிடும், அதுதான் அந்த எண். கண்டுபிடித்ததாகச் சொல்கிறவர்களில் எத்தனை பேருக்கு உண்மை என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது என்றார். இரண்டும் ஒன்றுதானே சார் என்றாள் அவள். இல்லவே இல்லை என்றார். ஏன் இல்லை என்பதற்கு அவர் சொன்னது அவளுக்குத் தலைக்குமேல் பறந்தது.

வீட்டில் கணவனிடம் சொன்னாள். அவருக்குக் கட்டடங்களில் தீ எச்சரிக்கை மணி பொருத்துவதும் பழுது பார்ப்பதும் தொழில். சட்டைப்பையில் எப்போதும் ஒரு திருப்புளி இருக்கும். அவர் சாப்பாட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"இதுல என்ன அதிசயம்? நான் மாட்டின மணி இந்த வருஷம் இருபது தடவை அடிச்சிருக்கும். தீ எத்தனை தடவைன்னு நினைக்கிறே? ஒரே ஒரு தடவை. மத்ததெல்லாம் குளியலறை ஆவி, ரொட்டி கருகினது, ஒரு ஆள் திருட்டுத்தனமா சிகரெட் பிடிச்சது."

"அப்போ உங்க மணி மட்டமான மணியா?"

"மணி நல்ல மணிதான். தீ பிடிச்சா தப்பாம அடிக்கும். ஆனா தீ எப்பவாவதுதானே பிடிக்குது? ஆவி தினமும் வருதே."

அவள் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. தீ எப்போதாவதுதான் பிடிக்கிறது. பூதக்கண்ணாடி அரைமணி நேரம் பலகையில் எழுதியதும் அதுதானோ?

ஞாயிற்றுக்கிழமை மதியம், மகளின் பழைய வரைபட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துச் சாப்பாட்டு மேஜையில் விரித்தாள். பக்கத்துக்குப் பத்து சென்டிமீட்டராக ஒரு சதுரம் வெட்டினால் அதற்குள் சரியாகப் பத்தாயிரம் பொடிக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு தாய், எல்லோருக்கும் இருபத்தைந்து வயது. அந்த வயதில் பத்தாயிரம் பேரில் சுமார் இரண்டு பேர் வயிற்றில்தான் பதின்மூன்றாம் குரோமோசோம் கோளாறு இருக்கும் என்று பூதக்கண்ணாடி சொல்லியிருந்தார். சிவப்புப் பேனாவால் இரண்டு கட்டத்தை நிரப்பினாள். கோளாறே இல்லாதவர்களில் ஆயிரத்துக்கு ஒருவரைக் கருவி தவறாகப் பிடிக்கும் என்றும் சொல்லியிருந்தார். அதற்குப் பத்துக் கட்டத்தைப் பென்சிலால் நிரப்பினாள். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு எண்ணிப் பார்த்தாள். மணி அடித்தது பன்னிரண்டு பேருக்கு. அதில் இரண்டுதான் சிவப்பு.

நூறில் ஒருத்தி என்று ரொட்டிக்கடைப் பெண் நினைத்துக்கொண்டிருக்கிறாள். உண்மையில் அவள் பன்னிரண்டில் பத்துப் பேரில் ஒருத்தி.

அத்தோடு விட்டிருந்தால் அவள் ரிசல்ட்டக்காவே இல்லை. இன்னொரு சதுரம் வெட்டினாள். இப்போது எல்லாத் தாய்க்கும் நாற்பத்தொரு வயது; பார்ப்பது இருபத்தொன்றாம் குரோமோசோம், அதாவது டவுன் சிண்ட்ரோம். அந்த வயதில் பத்தாயிரத்தில் நூற்றைம்பது பேருக்குமேல் இருக்கும். சிவப்பு மையால் நிரப்பி நிரப்பி விரல் வலித்தது. பென்சில் கட்டம் அதே பத்துதான். நூற்றறுபது பேருக்கு மணி அடித்தால், நூற்றைம்பது பேருக்கு நிஜமாகவே தீ.

இரண்டு சதுரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதே கருவி. அதே தாள். அதில் அதே இரண்டு வார்த்தை. தானும் அதே குரலில்தான் சொல்கிறாள். ஒருத்திக்கு அது பெரும்பாலும் பொய், இன்னொருத்திக்குப் பெரும்பாலும் உண்மை. இது அந்தத் தாளில் ஏன் எழுதப்படவில்லை?

மறுநாள் ரொட்டிக்கடைப் பெண்ணைக் கூப்பிட்டுக் கட்டக் கணக்கைச் சொன்னாள். அந்தப் பெண், இது அன்றைக்கே தெரிந்திருந்தால் அந்த ஆறு வாரமும் கொஞ்சம் சோறாவது இறங்கியிருக்குமே அக்கா என்றாள்.

கட்டம் போட்டது ஏட்டுக் கணக்கு. தன் கையால் அனுப்பியவை என்ன ஆயின என்று தெரிய வேண்டாமா? ரிசல்ட்டக்கா ஒரு நீளமான நோட்டு வாங்கினாள். பூதக்கண்ணாடியிடம் அனுமதி கேட்டாள். அவருக்கும் அந்த ஆசை உள்ளுக்குள் இருந்ததுபோல, முகம் மலர்ந்து சம்மதித்தார். அன்றிலிருந்து 'வாய்ப்பு அதிகம்' என்று சொன்ன ஒவ்வொரு மருத்துவமனைக்கும் சில மாதம் கழித்து மறுபடி கூப்பிட ஆரம்பித்தாள். உறுதிசெய்யும் பரிசோதனை செய்தார்களா, என்ன வந்தது, பிறந்த குழந்தை எப்படி இருக்கிறது? சில டாக்டர்கள் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். ஒரு மருத்துவமனையின் வரவேற்பாளர் அவளைக் கடன் வசூலிக்கிறவளைப்போல விரட்டினாள். அவள் விடவில்லை. நான்காவது முறை கூப்பிட்டபோது அந்த வரவேற்பாளரே, "நீங்க விட மாட்டீங்கன்னு தெரியும் மேடம், எடுத்து வச்சிருக்கேன்" என்று சிரித்துவிட்டாள்.

இரண்டு வருடத்தில் நோட்டு பேச ஆரம்பித்தது. முப்பத்தெட்டு வயதைத் தாண்டிய தாய்மாரில் முப்பத்திரண்டு பேருக்கு இருபத்தொன்று என்று வந்திருந்தது. முப்பது பேருக்கு அது உண்மை. இரண்டு பேருக்குப் பொய். பதின்மூன்று என்று வந்தது பதினான்கு பேருக்கு. உண்மை இரண்டு பேருக்கு மட்டும். ஒன்பது பேர் ஆரோக்கியமான பிள்ளையைப் பெற்றிருந்தார்கள்.

பதினான்கில் மீதி மூன்று. அந்த மூன்றில் ஒன்றைப் பற்றி விசாரித்தபோது, செவிலியர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"அவங்க ஊசிப் பரிசோதனை வரைக்கும் காத்திருக்கல மேடம். உங்க பேப்பரப் பார்த்தாங்க. அந்த வாரமே கலைச்சிட்டாங்க."

மற்ற இரண்டும் அப்படித்தான். நோட்டில் உண்மை என்று ஒரு பத்தி, பொய் என்று ஒரு பத்தி இருந்தது. ரிசல்ட்டக்கா அளவுகோலை வைத்து மூன்றாவதாக ஒரு பத்தி வரைந்தாள். தலைப்பில் 'தெரியவில்லை' என்று எழுதினாள். பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அந்த மூவருக்கும் செய்தி சொன்னது தன் குரல்தான் என்பது அதன்பிறகு அவளை விட்டு முழுதாகப் போகவே இல்லை.

இதற்கு நேரெதிராகவும் ஒன்று நடந்தது. ஒரு நாள் சலூன் வைத்திருப்பவர் ஒருவர், ஒன்றரை வயதுப் பையனைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு கூடத்துக்கே வந்துவிட்டார். மனைவியின் தாளில் 'வாய்ப்பு குறைவு' என்று வந்திருந்தது. பையன் டவுன் சிண்ட்ரோமோடு பிறந்திருந்தான். முன்னறைப் பெண்கள் பதறிப்போய் ரிசல்ட்டக்காவைக் கூப்பிட்டார்கள். சலூன்காரர் சாவகாசமாக உட்கார்ந்து, சண்டை போட வரவில்லை, எப்படி இப்படி ஆகும் என்று தெரிந்துகொள்ளத்தான் வந்தேன் என்றார். தன்னைப் போலவே ஒரு ஆள் என்று ரிசல்ட்டக்காவுக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று.

பூதக்கண்ணாடி வந்து பழைய பதிவுகளைப் புரட்டினார். எண் மாறவில்லை, ரத்தம் மாறவில்லை, கருவியும் தப்புச் செய்யவில்லை. தாயின் ரத்தத்தில் மிதக்கும் மரபணுத் துணுக்குகளைத்தான் கருவி படிக்கிறது என்றார். அந்தத் துணுக்குகள் குழந்தையின் உடம்பிலிருந்து வருவதில்லை, நஞ்சுக்கொடியிலிருந்து வருகின்றன. ஒரே கருவிலிருந்து உண்டானவை என்பதால் கொடியும் குழந்தையும் அநேகமாக ஒன்றுபோல் இருக்கும். அபூர்வமாகக் கொடி ஒரு மாதிரியும் குழந்தை ஒரு மாதிரியும் அமைந்துவிடும். அப்போது இல்லாததை இருக்கிறது என்றும், இருக்கிறதை இல்லை என்றும் சொல்ல நேரும்.

சலூன்காரர் யோசித்தார். "வாசல்ல கிடக்கிற செருப்பைப் பார்த்துட்டு, உள்ள யாரு இருக்காங்கன்னு சொல்ற மாதிரி."

ரிசல்ட்டக்காவும் பூதக்கண்ணாடியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை வருடத்தில் இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. பையன் அந்தச் சமயம் பார்த்துப் பூதக்கண்ணாடியின் கண்ணாடியை எட்டிப் பறித்தான். அதைத் திரும்ப வாங்குவதற்குள் மூன்று பேருக்கும் போதும் போதுமென்று ஆகிவிட்டது. போகும்போது சலூன்காரர் தன் கடை முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நோட்டில் 'தவறவிட்டது' என்று நான்காவது பத்தி விழுந்தது.

நோட்டை எடுத்துக்கொண்டு இருவரும் நிர்வாகத்திடம் போனார்கள். தாளில் ஒரு வரி சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். விற்பனை மேலாளர் உதட்டைப் பிதுக்கினார். தாய்மாரை எதற்கு வீணாகக் குழப்ப வேண்டும் என்றார். தொண்ணூற்றொன்பது என்று போட்டிருக்கும் இடத்தில் பத்துக்கு இரண்டு என்று போட்டால், பரிசோதனையே மட்டம் என்றல்லவா நினைப்பார்கள் என்றார். ரிசல்ட்டக்கா குரலை உயர்த்தாமல் மணிக்கதையைச் சொன்னாள். பிறகு நோட்டைத் திறந்து, 'தெரியவில்லை' என்ற பத்தியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அவர் அதைப் படித்தார். மறுபடி படித்தார்.

அந்த ஒரு வரிக்கு எட்டு மாதம் பிடித்தது. தாயின் வயதையும் கோளாறையும் பொறுத்து, இந்த முடிவு வந்தவர்களில் பத்துக்கு ஏறக்குறைய எத்தனை பேருக்கு அது உறுதியாகிறது என்று ஒரு வாக்கியம். உறுதிசெய்யும் பரிசோதனைக்கு முன்னால் எந்த முடிவும் எடுக்க வேண்டாம் என்று இன்னொன்று. முதல் அச்சில் அதை எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். ரிசல்ட்டக்கா தாளை வீட்டுக்கு எடுத்துப்போய், கணவனின் கண்ணாடியைப் பிடுங்கிவிட்டுப் படிக்கச் சொன்னாள். அவரால் முடியவில்லை என்ற செய்தியைக் காலையில் மேலாளரிடம் சாட்சியோடு சொன்னாள். எழுத்து பெரிதாயிற்று.

இவ்வளவும் முடிந்து அவள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்த வருடத்தில்தான் தங்கை உண்டானாள்.

தங்கைக்கு நாற்பத்தொரு வயது. நகராட்சி நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுக்கிறவள். அவள் புருஷன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும், யாராவது வேகமாக நடந்தால் அவருடைய வலது கால் தானாக பிரேக்கை அழுத்தும். கல்யாணமாகிப் பதினாலு வருடம். இனிமேல் இல்லை என்று இருவரும் மனதைத் தேற்றிக்கொண்ட பிறகு வந்த கரு அது. ரத்தம் அக்காவின் கூடத்துக்குத்தான் வந்தது. நான்காம் நாள் பூதக்கண்ணாடி தானே கடைசி அறைக்கு வந்து, ஒரு தாளை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். இதற்கு நீங்கள் கூப்பிட வேண்டாம், நான் டாக்டரிடம் சொல்லிவிட்டேன் என்றார். கவிழ்த்து வைத்தபோதே அவளுக்குப் புரிந்துவிட்டது. இருபத்தொன்று.

அரைமணி நேரத்தில் தங்கை கூப்பிட்டாள். அழுதிருக்கிறாள், ஆனால் குரலில் ஒரு தெம்பு இருந்தது. அக்கா, எனக்கும் மணி அடிச்சிருச்சு என்றாள். அந்தத் தெம்பு எங்கிருந்து வந்தது என்று ரிசல்ட்டக்காவுக்குத் தெரிந்துவிட்டது. நான்கு வருடமாக வீட்டில் சாப்பாட்டு மேஜையில் அவள் சொன்ன கதையெல்லாம் தங்கை கேட்டிருக்கிறாள். அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் குளத்துக்குப் போனாள்.

சாயங்கால வகுப்பு முடிந்து பிள்ளைகள் போயிருந்தார்கள். குளோரின் வாடை. ஈரத் தரையில் யாரோ விட்டுப்போன ஒற்றை நீச்சல் தொப்பி. தங்கை குளத்தின் விளிம்பில் காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீ சொல்ற கதையிலெல்லாம் கடைசில ஒண்ணும் இல்லன்னுதானேக்கா வரும்? பத்துல எட்டு பொய்யின்னு நீதானே சொல்லுவே."

"அது பதிமூணு. அதுவும் இருபத்தஞ்சு வயசுப் பொண்ணுக்கு. உனக்கு வந்திருக்கிறது இருபத்தொண்ணு. உன் வயசு வேற."

"அப்போ எனக்கு எத்தனை?"

ரிசல்ட்டக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். எத்தனையோ டாக்டர்களிடம் எத்தனையோ தடவை சொன்ன குரலில் சொல்லப் பார்த்தாள். அந்தக் குரல் வரவில்லை. "பத்துல ஒம்பதுக்கு மேல நிஜமாதான் இருக்கும். உறுதி பண்ற வரைக்கும் முடிவுன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பத்துல ஒண்ண நம்பி நீ உட்கார்ந்திருக்கக் கூடாது."

தங்கை தண்ணீருக்குள் இறங்கினாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நிதானமாக நீந்தினாள். திரும்பி வந்தாள். மறுபடி போனாள். நான்காவது முறை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது முகத்தில் எது தண்ணீர், எது கண்ணீர் என்று தெரியவில்லை.

"ஒரு மாசத்துக்காவது பொய் சொல்லியிருக்கலாம் நீ."

"சொல்லியிருக்கலாம். அடுத்த மாசம் ஊசி போட்டுப் பார்த்த அன்னிக்கு அந்தப் பொய்ய நான் எங்க கொண்டுபோய் வைப்பேன்?"

பனிக்குட நீரின் முடிவும் இருபத்தொன்று என்றே சொன்னது. அதன்பிறகு ஆறு வாரம் தங்கை அவளோடு பேசவில்லை. கூப்பிட்டால் புருஷன்தான் எடுப்பார். நல்லா இருக்கா அக்கா, தூங்குறா என்பார். அடுத்து என்ன செய்யப்போகிறார்கள் என்று ரிசல்ட்டக்கா கேட்கவில்லை. கேட்கத் துடித்த வாயைக் கட்டிப்போட்டுக்கொண்டது, பிறந்ததிலிருந்து அதுவே முதல் தடவை. நோட்டில் இருக்கும் முப்பது பேரில் சிலர் ஒரு பக்கம் போயிருந்தார்கள், சிலர் வேறு பக்கம். இரண்டு பக்கமும் அழுதவர்கள்தான். இதில் அக்காவாக இருந்தாலும் தான் நுழைய இடமில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒன்றே ஒன்றுதான் செய்தாள். சலூன்காரரின் முகவரியைத் தங்கை புருஷனுக்கு அனுப்பினாள், சேர்த்து ஒரு வார்த்தை எழுதாமல்.

அவர் முடி வெட்டிக்கொள்ளப் போனார். வெட்ட அவர் தலையில் பெரிதாக ஒன்றும் கிடையாது. சலூன்காரர் கத்தரியை வெறுங்காற்றில் கொஞ்ச நேரம் வெட்டிவிட்டு, சார் நீங்க வேற எதுக்கோ வந்திருக்கீங்க என்றாராம். இரண்டு மணி நேரம் பேசியிருக்கிறார்கள். அடுத்த வாரம் தங்கையையும் அழைத்துப் போனார். பையனுக்குப் பேச்சு எப்போது வந்தது, இதயத்தில் என்ன பார்க்க வேண்டும், எந்த வேலைக்கு எத்தனை நாள் கூடுதலாகும், எதற்கெல்லாம் அழுதார்கள், எதற்கெல்லாம் சிரிக்கிறார்கள் என்று சலூன்காரரின் மனைவி ஒளிக்காமல் சொல்லியிருக்கிறாள். பெற்றுக்கொள்வது என்று இருவரும் முடிவு செய்தார்கள்.

ரிசல்ட்டக்காவுக்கு இது தெரிந்தது தங்கையின் தொலைபேசியில்தான். எடுத்ததும் நலம் விசாரிப்பெல்லாம் இல்லை.

"உன் நோட்டுல என்னோடத எழுதிட்டியா?"

"இன்னும் இல்ல."

"எழுது. நிஜம்னு எழுது."

அவள் எழுதினாள்.

முன்கூட்டித் தெரிந்தது ஒரு விதத்தில் கைகொடுத்தது. ஆறாம் மாத ஸ்கேனில் குழந்தையின் இதயத்தைத் தனியாகப் பார்த்தார்கள். ஒரு துளை இருந்தது. இதய அறுவைச் சிகிச்சை செய்யும் மருத்துவமனையிலேயே பிரசவம் வைத்துக்கொண்டார்கள். பெண் குழந்தை. பிறந்த ஐந்தாவது மாதத்தில் அறுவைச் சிகிச்சை. மருத்துவமனையில் இருந்த பதினொரு நாளும் அக்காவும் தங்கையும் வராந்தாவில் ஒரே பெஞ்சில் மாறி மாறிச் சாய்ந்துகொண்டிருந்தார்கள். தங்கை புருஷன் எதிரில் உட்கார்ந்து தரையில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தார். குழந்தை தேறிக்கொண்டது.

இப்போது அவளுக்கு நான்கு வயது. இரண்டரை வயதில் நடந்தாள். வார்த்தைகள் ஒவ்வொன்றாக, அவளுக்குத் தோன்றியபோது வருகின்றன. "பெரிம்மா" என்பதைப் போன வருடம்தான் பிடித்தாள், இப்போது அதைக் காரணமில்லாமல் நாளுக்கு நாற்பது தடவை சொல்கிறாள். தட்டில் எதைப் போட்டாலும் பாதியைப் பக்கத்திலிருப்பவர் தட்டில் வைத்துவிடுவாள். பிடிவாதம் வந்தால் வீடே அவளுக்குக் கட்டுப்பட வேண்டும். இதெல்லாம் எந்தத் தாளிலும் வரவில்லை என்று ஒருமுறை தங்கை பூதக்கண்ணாடியிடமே சொன்னாள். அவர் அதைக் குறையாக எடுத்துக்கொண்டு, அதற்கெல்லாம் இன்னும் பரிசோதனை வரவில்லை அம்மா என்று வருத்தத்தோடு பதில் சொன்னார்.

ரிசல்ட்டக்கா இன்னும் கடைசி அறையில்தான் இருக்கிறாள். நோட்டு இப்போது கணினிக்குள் போய்விட்டது. விவரம் கேட்டு வேறு இரண்டு பரிசோதனைக்கூடங்கள் எழுதியிருக்கின்றன. வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் சீக்கிரம் கிளம்பிவிடுகிறாள். நாற்பத்தொன்பது வயதில் தங்கையிடம் நீச்சல் கற்றுக்கொள்கிறாள். மூக்கில் தண்ணீர் ஏறினால் மூளைக்குப் போகுமா, உடம்பு கனமாக இருந்தும் ஏன் மிதக்கிறது, பயந்தால் மட்டும் ஏன் மூழ்குகிறது என்று கேள்வி கேட்டே பாதி வகுப்பைத் தீர்த்துவிடுகிறாளாம். முதல்ல தண்ணிக்குள்ள இறங்கு, அப்புறம் கேளு என்று தங்கை பல்லைக் கடிக்கிறாள். பக்கத்தில் குழந்தை, ஒரு கவலையும் இல்லாமல் மல்லாந்து மிதந்துகொண்டு, பெரியம்மா குளத்தோரக் கம்பியை விடமாட்டேன் என்று அடம்பிடிப்பதைப் பார்த்துச் சிரிக்கிறது.